பிறர் வாழ்வை ஆராய்வோர் கடன்

ஒரு சமுதாயத்தார் பிறிதொரு சமுதாயத்தாருடைய மொழியையும், மணவினை பிணவினைகளையும், தெய்வக் கொள்கையையும் ஆராய்ந்தறிதல் நன்றோ தீதோ என வினவின், நன்று என்பதே பலரும் கூறும் விடையாம். ஆயின், ஆராய்வோன் வலியனாகவும் ஆராயப்படுவோன் எளியனாகவும் உள்ளவிடத்து அவ்விடை அமையுமா? சர்வகலாசாலைகளில் மானிடவியலிற் கலாநிதிப் பட்டத்திற்குப் பயில்வோர்க்கு இவ்வினா இக்காலத்துத் தலையாய பாடமாயிற்று. அஃது அங்ஙனமாதற்கு ஏதுவான வரலாறுகளுள் ஒன்றை ஈண்டுக் கூறுவாம்.

1897ஆம் ஆண்டிலே றொபேட் பியரி என்னும் கடலோடி, கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையினின்றும் இனுயிற் மக்கள் அறுவரைக் கப்பலேற்றி நியூயோர்க் நகருக்குக் கொணர்ந்தார். ஒருவரை அழைத்து வருமாறு அவரைக் கேட்டவர், அந்நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பணிபுரிந்த பிரான்ஸ் போவாஸ் என்னும் பேராசிரியர். வந்தோர் நூதனசாலையிலேயே தங்கவைக்கப்பட்டனர். சில திங்களுள் நால்வர் நோயால் மாண்டனர். 1898இல் முதற்கண் இறந்தவன் கீசுக் என்பான், சயரோகத்தால் இறந்தான். அவன் மகன் மினிக், ஏழாண்டளவிற் சிறுவன், தனியனாய் நின்றான்.

தந்தைக்குரிய ஈமக்கடன் செய்யவேண்டும் என்று அச்சிறுவன் விரும்பினான். நூதனசாலையார் செய்தது யாது? ஒரு மரக்கட்டையைப் பிணம்போலத் துணியாற் சுற்றி, நூதனசாலைத் தோட்டத்திற் புதைத்தனர். மகன் அருகில் நின்று கண்டான். கீசுக்கின் என்போ ஆராய்ச்சிப் பொருளாய் உள்ளே வைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து மினிக் உண்மை அறிந்து, தந்தையின் என்பைத் தருமாறு வேண்டினான், பெற்றிலன். 1909ஆம் ஆண்டிலே இதுபற்றி வினவப்பட்ட போவாஸ், சிறுவனைத் தேற்றுதற்கே அது செய்யப்பட்டதென்றும், அதிற் குற்றமில்லையென்றும் விடையிறுத்தனர்.

அக்காலத்து வழக்கு அத்தகையதென்று கூறி அமைவார் உளர். அது பொருந்தாது. தவறில்லையென்று மெய்யாகவே கருதினார்க்கு மரக்கட்டை எதற்கு? மறைத்தமையே, அவர் அச்செயலின் இயல்பை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாம். அன்றியும், இனுயிற் மக்கள் இறந்தார்க்கு எங்ஙனம் துக்கங் காக்கின்றனர் என்பதை ஆராய்ந்தவர்களும் அவர்களைச் சூழ்ந்தோரே. போவாஸின் மாணாக்கராகிய அல்பிரட் குறோபர், 1901இற் கொலம்பியாவில் மானிடவியலில் முதற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அவ்வறுவரை வினாவியே அம்மக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதினார். வழக்கத்தை அறிந்த அறிவு, அவ்வழக்கத்தையே கருவியாக்கி ஒரு பாலனை ஏமாற்றுதற்குப் பயன்பட்டது. அறியாமையாற் செய்த பிழையினும் இது கொடிது.

இத்துணையும் கூறியபின் போவாஸைத் தீயரென ஒதுக்கிவிடல் எளிது, அதுவும் நேர்மையன்று. அவர் இளமையில், 1883–84இல், பாபின் தீவிலே இனுயிற் மக்களோடு வாழ்ந்தவர். அறிவாற்றல் பிறந்த இனத்தால் உயர்ந்து தாழ்வதன்று என்பதனை 1911இல் நூலாக்கி நிறுவியவர். 1919இல், ஆராய்ச்சியாளர் நால்வர் தம் தொழிலைப் போர்வையாகக் கொண்டு ஒற்று வேலை செய்தனரென்று, பெயர் கூறாது வெளிப்படையாகக் கண்டித்தவரும் அவரே. அதன்பொருட்டு அமெரிக்க மானிடவியற் கழகம் அவ்வாண்டு மார்கழியில் 20க்கு 10 என்னும் வாக்கால் அவரையே இகழ்ந்து தீர்மானித்தது. அத்தீர்மானம் 2005இலேதான் நீக்கப்பட்டது. ஆராய்ச்சியின் பெயராற் பொய் கூறலாகாதென வாதித்தவர், மரக்கட்டைப் புதையலிற் குற்றங் கண்டிலர்! அரசர்க்கும் படைக்கும் அஞ்சாதவர்க்கும், தம் நிலையத்துள்ளே தாமே வலியராயிருந்தமை புலப்படவில்லை போலும்.

கீசுக் முதலிய நால்வர் என்புகளும் 1993ஆம் ஆண்டிலே கிறீன்லாந்துக்கு மீட்டனுப்பப்பட்டுக் கானாக் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டன. மினிக் அதனைக் கண்டிலன். அவன் 1909இல் தாயகம் மீண்டு, மறந்துபோன மொழியை மறுபடி கற்று, ஆங்கும் நிலைகொள்ளாது 1916இல் அமெரிக்கா திரும்பி, 1918இல் பரவிய விஷக்காய்ச்சலால் மாண்டான். அவனுடல் நியூ ஹாம்சயரிற் கிடக்கின்றது.