பழி கேட்காத தந்தை

மார்த்தாண்டத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, கூடத்தில் அவருடைய மகனும் மருமகனும் ஓர் இந்திப் படத்தைப் பற்றி உரக்க வாதிட்டுக் கொண்டிருந்தனர். அவர்கள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த ‘ஷோலே’தான் அந்தப் படம். கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைத் தாக்கூரே கொன்றொழிப்பதுதான் நியாயம் என்றான் மகன். இல்லை, அவனைக் காவலர் கையில் ஒப்படைப்பதே முறை என்றார் மருமகன். முடிவில் மகன் தந்தையின் பக்கம் திரும்பினான். “வாப்பா, நம்ம வீட்டில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் நீங்கள் போலீஸுக்குத்தான் போவீர்களா?” என்று கேட்டான்.

நண்பர் விடை கூறவில்லை, நம்மை நோக்கினார். நாமும் அன்று மழுப்பியே விடைபெற்றோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. அது ஒரு சினிமாக் கேள்வி அன்று. அநீதி இழைக்கப்பட்ட ஒவ்வொரு மனிதனின் கேள்வி.

படத்தின் வரலாற்றை முதலில் சுருங்கக் காண்போம். சலீம் கான், ஜாவேத் அக்தர் என்னும் இரு முஸ்லிம் எழுத்தாளர்கள் எழுதிய கதை அது. ஜி. பி. சிப்பி தயாரிக்க, அவர் மகன் ரமேஷ் சிப்பி இயக்கினார். பெங்களூரை அடுத்த ராமநகரத்துப் பாறைக் குன்றுகளுக்கிடையே ‘ராம்கட்’ என்றொரு கிராமத்தையே புதிதாக எழுப்பி, 1973 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினர். எழுபது மில்லிமீட்டர் அகலத்திரையில், பல திசைகளிலிருந்தும் ஒலி எழும் வகையில் உருவான அப்படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியாயிற்று. தொடக்கத்தில் கூட்டம் குறைவு. பின்னர் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுப் பெருகிய கூட்டம், பம்பாய் மினர்வா அரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதனை ஓடச் செய்தது. அம்ஜத் கான் ஏற்ற கப்பர் சிங்கின் பேச்சு, இந்தி அறியாதவர் வாயிலும் புகுந்தது.

கதையின் உயிர்நாடி ஒரு பழி. தாக்கூர் பல்தேவ் சிங் காவல்துறை அதிகாரி. கப்பரைப் பிடித்துச் சட்டத்தின் கையில் ஒப்படைத்தவர். சிறை அவனைத் தாங்கவில்லை, தப்பி வந்தான். தாக்கூரின் குடும்பத்தைச் சிறுவன் என்றும் பாராமல் சுட்டுக் கொன்றான். தேடிச் சென்ற தாக்கூரின் இரு கைகளையும் வெட்டினான். கையிழந்த அவர், தாம் முன்பு கைது செய்த இரு திருடர்களையே கூலிக்கு அமர்த்திக் கப்பரை உயிரோடு பிடித்துத் தரச் சொல்கிறார். சட்டத்தின் காவலராய் இருந்தவர் சட்டத்துக்குப் புறத்தே செல்கிறார்.

இதற்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதைப் பலர் அறியார். முதலில் படமாக்கப்பட்ட முடிவில், முள் பதித்த காலணிகளால் மிதித்துக் கப்பரைத் தாக்கூர் கொன்று விடுகிறார். தணிக்கைக் குழு அதனை ஏற்கவில்லை. முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் சட்டத்தைத் தம் காலில் எடுப்பதா என்று மறுத்தது. காட்சி மீண்டும் எடுக்கப்பட்டது. கொல்லும் தறுவாயில் காவலர் வந்து தடுத்து, தண்டிப்பது சட்டத்தின் பொறுப்பு என நினைவூட்டி, கப்பரைக் கைது செய்கின்றனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திரையரங்குகளில் மக்கள் கண்டது இந்த முடிவையே. முதல் முடிவுடன் செப்பனிடப்பட்ட பிரதி 2025 ஜூனில் இத்தாலியின் போலோஞா நகரில் திரையிடப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் நம் நாட்டு அரங்குகளுக்கும் வந்தது. நண்பரின் மகனும் மருமகனும் ஆளுக்கொரு முடிவைப் பற்றிக்கொண்டதன் காரணம் இதுவே.

எது நியாயம்? தாக்கூரின் வழக்கை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் சட்டத்தை நம்பாதவர் அல்லர். நம்பியதனாலேயே அனைத்தையும் இழந்தவர். மறுபடியும் அதே சிறையில் அதே கொடியவனை அடைத்துவிட்டு அமைதியாக உறங்குங்கள் என்று அவரிடம் எந்த முகத்துடன் கூறுவது? பழியுணர்ச்சியை மிருக உணர்ச்சி என்று பழிப்போர், தம் வீட்டு முற்றத்தில் ஐந்து மையித்துகளைக் கிடத்திப் பார்த்தவர்கள் அல்லர்.

நமது மார்க்கமும் அவ்வாறு பழிக்கவில்லை. கொல்லப்பட்டவனின் உறவினருக்கு ‘கிஸாஸ்’ கோரும் உரிமையைத் திருமறை ஏற்கிறது. ஆயினும் அந்த உரிமைக்கு மூன்று வேலிகளை இட்டது. ஒருயிருக்கு ஒருயிர் என்னும் அளவை மீறக்கூடாது என்பது ஒன்று. குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பளித்து நிறைவேற்றுவது அதிகாரம் பெற்றோரின் கடமை, தனி மனிதனின் வேலை அன்று எனச் சட்ட மேதைகள் வகுத்தது மற்றொன்று. மன்னிப்போருக்கு அதுவே பாவப் பரிகாரமாகும் என்று மன்னிப்பின் வாசலைத் திறந்து வைத்தது மூன்றாவது. ஒரு கொலைக்கு ஒரு குலத்தையே அழித்து வந்த பாலைவன மக்களுக்கு இந்த வேலிகள் எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உஹதுப் போர் நடந்த கி.பி. 625ஐ நினைவு கூர்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்டார். அவரது உடல் சிதைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்ட அண்ணலாரின் உள்ளம் பதைத்தது. பன்மடங்கு பழி தீர்க்கும் எண்ணம் எழுந்தது. அப்போது, பழி வாங்கினால் இழைக்கப்பட்ட அளவே வாங்குக, பொறுத்தால் அதுவே மேல் என்னும் கருத்துடைய வசனம் அருளப்பட்டதாக அறிஞர் உரைப்பர். மக்கா வெற்றிக்குப் பின் ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று வந்து நின்றார். அண்ணலார் அவரை மன்னித்தார்கள். ஆனால் தம் கண்முன் அடிக்கடி வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்பு என்பது வலி மறைந்து போவது அன்று. வலி இருக்கவே, கை ஓங்காதிருப்பது. இந்த ஒரு நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டிய மனித இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இப்போது படத்தில் நம் சமுதாயத்தார் அதிகம் பேசாத ஒரு பாத்திரத்தைக் காண்போம். ராம்கட் பள்ளிவாசலின் இமாம், கண்பார்வையற்ற ரஹீம் சாச்சா. ஏ. கே. ஹங்கல் அந்த வேடத்தை ஏற்றார். அவருக்கு ஒரே துணை மகன் அஹமத். பீடித் தொழிற்சாலை வேலைக்காகப் புறப்பட்ட மகனைக் கப்பரின் ஆட்கள் பிடித்துக்கொள்கின்றனர். அவன் கொல்லப்படும் காட்சியைப் படமாக்கப் 19 நாள்கள் பிடித்தனவாம். தணிக்கையில் அது போயிற்று. வெளியான படத்தில் கப்பர் தன் கையில் ஊரும் எறும்பு ஒன்றை நசுக்குகிறான். அடுத்து ஒரு குதிரை அஹமதின் உடலைச் சுமந்து ஊருக்குள் வருகிறது. அந்த இடத்தில் வெட்டு, காட்சியைக் குறைக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கொடியவன் கண்ணுக்கு மனிதவுயிர் எறும்புயிர்தான் என்பது அதனால் தெளிவாயிற்று.

ஊர் கலங்குகிறது. கூலிக்கு வந்த இருவரையும் கப்பரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உயிர் பிழைப்போம் என்று மக்கள் தாக்கூரை நெருக்குகின்றனர். மகனின் உடலருகே நிற்கும் இமாமே அதைத் தடுக்கிறார். தந்தையின் தோளில் மகனின் ஜனாஸாவைக் காட்டிலும் பெரிய பாரம் உலகில் இல்லை. அதைத் தாமே தாங்கும்போது உங்களால் ஒரு துன்பத்தைத் தாங்க முடியாதா என்னும் பொருள்பட ஊரைக் கேட்கிறார். பாங்கொலி எழுகிறது. இந்த ஊருக்காகத் தியாகம் செய்ய இன்னும் சில மக்களைத் தனக்கு ஏன் தரவில்லை என்று இறைவனிடம் கேட்கப் போவதாகச் சொல்லித் தொழச் செல்கிறார்.

அவர் கப்பரை மன்னித்துவிட்டதாக எங்கும் கூறவில்லை. அவனுக்கு அஞ்சிப் பணியவும் இல்லை. பழி கேட்கவும் இல்லை. ‘ஸப்ர்’ என்னும் சொல்லை நாம் பொறுமை என மொழிபெயர்த்து, எல்லாவற்றையும் வாய்மூடிச் சகிப்பது என்று பொருள் செய்து வருகிறோம். அது பிழை. அநீதிக்குத் தலைவணங்காமலும், அநீதி செய்தவனைப் போலத் தானும் மாறாமலும் நிலைத்து நிற்பதே ஸப்ர். தாக்கூரும் இமாமும் ஒரே கொடியவனால் பிள்ளைகளை இழந்தவர்கள். ஒருவர் இழப்பு அவரைப் பழிக்கு அழைத்துச் சென்றது; மற்றவர் இழப்பு ஊரைக் காக்க நின்றது.

அவ்வாறாயின் தணிக்கைக் குழு செய்ததே சரி, விவாதம் முடிந்தது என்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வளவு விரைவில் முடிக்க விரும்பவில்லை. காவலர் வந்து சட்டத்தை நினைவூட்டும் அந்தக் காட்சியை இணைக்கச் சொன்னபோது நாட்டில் சட்டம் எந்த நிலையில் இருந்தது? 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. ‘மிசா’ சட்டத்தில் பிடிக்கப்பட்டோர் ஏன் பிடிக்கப்பட்டோம் என்று கேட்க முடியாது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே, அந்நாளில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். சட்டத்துக்குத் தான் கட்டுப்படாத ஓர் ஆட்சி, கையிழந்த தாக்கூரைச் சட்டத்துக்குக் கட்டுப்படச் சொல்லிற்று.

திரைக்கு வெளியே அதே காலத்தில் ஒரு தந்தை இருந்தார். நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில், கோழிக்கோட்டு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், 1976 மார்ச் முதல் நாள் போலீஸாரால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமில் சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர், கல்லூரியில் இந்தி கற்பித்த பேராசிரியர். மகன் எங்கே என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை நீங்கிய 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அவ்வழக்கின் விளைவாக, முதலமைச்சராகி ஒரு மாதமே ஆன கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. 2006இல் மறையும் வரை வாரியர் அந்தக் கேள்வியை நிறுத்தவுமில்லை, கையில் ஆயுதம் எடுக்கவுமில்லை. ராம்கட் இமாமுக்கு ஜனாஸாவின் பாரமேனும் கிட்டிற்று. இந்தத் தந்தைக்கு அதுவும் கிட்டவில்லை.

மார்த்தாண்டத்துக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரித் திரண்டோர் மீது இங்கும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்–கொச்சிப் போலீஸார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. ஆட்சியிலிருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியா, தம் சொந்தக் கட்சி அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று கோரினார். அமைச்சரவை இணங்கவில்லை. சுடப்பட்டவர்களின் உறவினர் காவல் நிலையத்தின் மீது பழிக்குப் பாய்ந்திருந்தால் இம்மண்ணின் கதை வேறாகியிருக்கும். நேசமணி போன்ற தலைவர்கள் வழக்காடுவோராகவும் மக்களவையில் வாதிடுவோராகவும் நின்றனர். நீதிபதி பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு அவர்கள் கோரிக்கையைச் செவிமடுத்தது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் தமிழகத்தில் இணைந்து குமரி மாவட்டம் பிறந்தது. பொறுத்தவர்களுக்குக் கேட்கும் செவி ஒன்று எங்கோ இருந்தது. அதனால் பொறுமை பயன் தந்தது.

ஆகவே நமது முடிவு இது. பழியைக் கைவிடுமாறு பாதிக்கப்பட்டவனிடம் கேட்பது ஒரு கடன் வாங்குவது போன்றது. சமுதாயமும் அரசும் அவனுடைய உரிமையைத் தம் கையில் வாங்கிக்கொள்கின்றன. வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். அவன் பெயரால் நீதியைத் தேடித் தர வேண்டும். தரத் தவறிவிட்டு, அவன் பொறுமையைப் புகழ்ந்து பேசுவது மோசடி. ஜமாஅத்தில் ஓர் ஏழையின் புகாரைச் சமாதானம் என்ற பெயரில் அமுக்கி, ஸப்ர் செய்யுங்கள் என்று அனுப்பிவைக்கும் நம்மவருக்கும் இது பொருந்தும். பொறுமையை உபதேசிக்கும் உரிமை, நீதிக்காகத் தானும் நடையாய் நடப்பவனுக்கே உண்டு.

நண்பரின் மகனுக்கு அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்கிறோம். தம்பி, தாக்கூரின் காலடியில் கப்பர் மாளும்போது நம் நெஞ்சு குளிர்வது உண்மை. அதற்காக நாண வேண்டியதில்லை. ஆனால் படம் முடிந்தபின் அந்தக் கிராமத்தில் நாளை யாருக்கு அநீதி நேர்ந்தாலும், அவன் எந்த வாசலைத் தட்டுவான் என்று எண்ணிப் பார். கால் வலிமை உள்ளவனுக்கு மட்டும் நீதி கிட்டும் ஊராக அது இருக்குமா? கண்ணில்லாத இமாமுக்கும் நீதி கிட்டும் ஊராக இருக்குமா? உன் வாப்பா அன்று பேசாமலிருந்தார். போலீஸுக்குப் போவேன் என்று அவர் தயங்காமல் சொல்லக்கூடிய நாட்டை ஆக்கித் தருவது, அவருடையதும் நம்முடையதும் ஆன கடன். அது தீரும்வரை உன் கேள்வி நம் முன் நின்றுகொண்டே இருக்கட்டும்.