ஆளில்லா அறையில் ஒளிரும் திரை

வீண்விரயம் பற்றி நம்மவர் மத்தியில் எப்போது பேச்செழுந்தாலும் அது கல்யாண வீட்டுச் சஹனில் போய்த்தான் நிற்கும். மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்டுவதைக் காண எவருக்கும் மனம் பொறுப்பதில்லை. அடுத்தது வுழூச் செய்யுமிடத்தில் திறந்துவிடப்பட்ட தண்ணீர்க் குழாய். மின்விசிறியும் மின்குமிழும் எப்போதாவது ஜும்ஆப் பிரசங்கத்தில் இடம்பெறுவதுண்டு. கணினியை இந்தப் பட்டியலில் சேர்த்தவர் எவரையும் நான் கேட்டதில்லை. காரணம் கண்டுபிடிக்கக் கடினமானதல்ல. சோறு கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் காதுக்குக் கேட்கிறது. மின்சாரமோ மாத முடிவில் ஒரு துண்டுக் கடதாசியாக மட்டுமே நம்முன் வருகிறது. அலுவலகத்தில் அந்தக் கடதாசிகூட நமது கைக்கு வருவதில்லை.

நான் பல வருடங்கள் பணியாற்றிய அலுவலகமொன்றில் மாலை நாலரைக்கு எல்லோரும் எழுந்து போவார்கள். கணினிகள் போகமாட்டா. வெள்ளிக்கிழமை விட்டுச் சென்ற திரை திங்கட்கிழமை காலையிலும் அதே இடத்தில் விழித்திருக்கும். சக ஊழியர் ஒருவரிடம் இது பற்றிக் கேட்டேன். "ஏன் நானா நீங்க கஷ்டப்படுறீங்க, கவுமெந்துக் காசுதானே" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் கெட்ட மனிதரல்லர். தொழுகையைத் தவறவிடாதவர். தன் வீட்டில் தொலைபேசிச் சார்ஜரைக்கூடச் சுவரிலிருந்து கழற்றி வைப்பவர். அவருடைய பதிலில் ஒரு முழுத் தத்துவம் அடங்கியிருந்தது. விரயம் என்பது எனது பணம் போகும்போதுதான் விரயம், பொதுவிலிருந்து போவது எங்கும் போவதில்லை என்பதே அது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மேசைக் கணினியொன்றும் அதன் திரையும் எந்த வேலையுமின்றிச் சும்மா விழித்திருக்கையில் ஏறத்தாழ 80 வாற்று உறிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கு இயந்திரம் இது கூடும், குறையும். வாரத்தின் 168 மணித்தியாலங்களில் வேலை நேரம் 40. மீதி 128 மணித்தியாலமும் அது எவருக்காகவுமன்றி விழித்திருந்தால் வாரத்துக்குப் பத்து அலகுகளுக்குச் சற்று மேல், நான்கு வாரங்களுக்கு 41 அலகுகள். நமது நாட்டு வீட்டு மின்பட்டியலில் முதற்படி 30 அலகுகள். இரண்டு மின்குமிழ், ஒரு விசிறி, ஒரு வானொலி என்று எண்ணியெண்ணி அந்தப் படிக்குள் மாதத்தை ஓட்டும் குடும்பங்கள் நமது ஊர்களில் இன்றும் உண்டு. அப்படியொரு குடும்பம் மாதம் முழுக்கப் பாவிப்பதைவிட அதிகமாக, யாருமில்லாத அறையில் யாருமே பாராத திரையொன்று பாவிக்கிறது. நாற்பது மேசைகள் கொண்ட ஓர் அலுவலகம் என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

திரையில் மீன்களும் பூக்களும் நீந்துகின்றனவே, அது 'சேவர்'தானே என்பார்கள். அந்த ஏற்பாடு பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே பிம்பம் தழும்பாகப் பதிந்துவிடாதிருக்க உருவானது. அது காப்பாற்றியது திரையை, மின்சாரத்தையல்ல. மீன் நீந்துவதற்கும் மின்சாரம் வேண்டும். அணைத்து அணைத்துப் போட்டால் அதிகம் இழுக்கும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். இயங்கத் தொடங்கும்போது சில நொடிகள் கூடுதலாக இழுப்பது உண்மை. ஓர் இரவுக்கு முன்னால் அந்தச் சில நொடிகள் எம்மாத்திரம்? தூக்க நிலைக்கு அனுப்பினாலே போதும், 80 வாற்று இரண்டு மூன்று வாற்றாக இறங்கிவிடும்.

கணக்கு இத்துடன் முடிகிறது. கேள்வி முடியவில்லை. ஏனெனில் அந்த நண்பர் கணக்கை மறுக்கவில்லை, அது தன் கணக்கல்ல என்றுதான் சொன்னார்.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை மிதமிஞ்சிச் செலவிடுவது விரயமே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃத் (ரழி) அவர்களிடம் கூறியதாக வரும் செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். அறிவிப்பாளர் வரிசையில் பலவீனமுண்டு என்போர் உளர். ஆயினும் நமது அறிஞர்கள் வீண்விரயம் பற்றி எழுதுகையில் அதைத் தொடாமல் போவதில்லை. என்னை அதில் நிறுத்தி வைப்பது ஆறுதான். ஆற்றுக்கு உரிமையாளர் இல்லை. அள்ளிய நீரில் பெரும்பகுதி திரும்பவும் ஆற்றுக்கே போகிறது. கீழ்க்கரையில் இருப்பவனுக்கு ஒரு குவளைகூடக் குறையப்போவதில்லை. நட்டமடைபவர் ஒருவருமில்லாத இடத்திலும் விரயம் விரயமாகவே இருக்கிறதென்றால், அது யார் காசு என்ற கேள்விக்கு அப்பாற்பட்ட ஒன்று. கைக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு அது. தேவைக்கு அள்ளுவதை உரிய வழியில் மிகையாக்குவதை இஸ்ராப் என்றும், உரிய வழியே இல்லாத இடத்தில் கொட்டுவதைத் தப்தீர் என்றும் பிரித்துச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பிரிப்பின்படி பார்த்தால், வேலை செய்பவர் திரையைக் கண்கூசும் வெளிச்சத்தில் வைத்திருப்பது முதலாவது. ஆளற்ற அறையில் அது எரிவது இரண்டாவது.

(இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும்படி வந்துள்ள நபிமொழியைச் சிலர் மின்சாரச் சிக்கனத்துக்கு ஆதாரம் காட்டுவார்கள். அதில் சொல்லப்பட்ட காரணம் எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற பயம். நல்ல காரியத்துக்கானாலும் ஆதாரத்தை வளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.)

ஆனால் மின்சாரம் ஆறு அல்ல. இங்கே கீழ்க்கரையில் ஆள் இருக்கிறார். மாலை ஆறரை தொடங்கி இரவு பத்தரை வரை நாட்டில் மின்சாரத்துக்கு உச்ச வேளை. வீடுகளில் விளக்கேறும் நேரம், விலை கூடிய எண்ணெயை எரித்தேனும் ஈடுகொடுக்க வேண்டிய நேரம். அலுவலகக் கணினி ஆளில்லாமல் விழித்திருக்கத் தொடங்குவது அதற்குச் சற்று முன்னர்தான். நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாற்று வலுக்கொண்டது. நிலக்கரியிலிருந்து ஓர் அலகு பிறக்க ஏறக்குறைய 400 கிராம் கரி வேண்டும். ஒரு கணினியின் அந்த 41 அலகுக்குப் பதினாறு கிலோ. கரித்தூளையும் சாம்பலையும் பற்றி அப்பிரதேச மக்கள் பல வருடங்களாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் நமது சமூகத்தினரும் கணிசமாக வாழ்கிறார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? எங்கும் போவதில்லை என்று நண்பர் நினைத்தது அங்கே கொடியில் காயும் உடுப்பில் போய்ப் படிகிறது.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இதை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் விளக்கிற்று. மின்சாரம் திரும்பியதும் அந்த ஞானமும் போய்விட்டது. இல்லாமையினால் பிறக்கும் சிக்கனத்தை நான் ஒழுக்கத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடப் பலமானது. உலகெங்குமுள்ள தரவு மையங்கள் 2024இல் 415 டெராவாற்று மணி அளவில் மின்சாரம் உண்டதாகச் சர்வதேச எரிசக்தி முகவரகம் மதிப்பிட்டது. அது உலக மின்நுகர்வில் ஒன்றரை வீதம். அவை இரவு பகலாக எரிய, ஓர் எழுதுவினைஞர் தனது கணினியை அணைத்து என்ன ஆகப்போகிறது? சின்ன மனிதனின் தோளில் பெரிய பாவத்தை ஏற்றுவதற்கு எதிரான இந்தக் கோபத்தில் நியாயமுண்டு. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆயினும் அந்த வாதத்தால் என் மேசைக்கு விடுதலை கிடைக்கிறதா? ஸகாத் கொடாத பெருந்தனவந்தர் ஊரில் இருப்பதால் எனது சிறு ஸகாத் கடமையற்றதாகிவிடாது.

அதேவேளை நாற்பது பேருக்கும் தனித்தனியே உபதேசம் செய்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. மனிதர் மறப்பர். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒரு தாயிடம் போய் ஆளியைப் பற்றி நஸீஹத் செய்வது அநியாயம். இந்தக் கடமையை பர்ளு ஐனாக அன்றி பர்ளு கிபாயாவாகக் கொள்ளலாம் என்பது எனது அபிப்பிராயம். ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோர் மீதிருந்தும் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர் ஒரு முற்பகல் உட்கார்ந்து, பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையவும் அரைமணி போனால் இயந்திரம் தூங்கவும் அமைத்துவிட்டால், அன்றிரவிலிருந்து நாற்பது பேரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. நமது பள்ளிவாசல் அலுவலகங்களிலும் மத்ரஸாக்களின் கணினி அறைகளிலும் இதைச் செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டோ, கேள்வியும் அவருக்குத்தான். பள்ளிவாசல் மின்பட்டியல் ஊராரின் ஸதகாவிலிருந்தே கட்டப்படுகிறது.

அரச பணி முடிந்து சொந்த விடயம் பேச வந்ததும் அரசாங்க விளக்கை அணைத்துத் தனது விளக்கை ஏற்றியதாகக் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவம் இவ்விடத்தில் எவருக்கும் நினைவுக்கு வரும். அன்று இரண்டு எண்ணெய்களும் இரண்டு பாத்திரங்களில் இருந்தன. இன்று அலுவலகத்தில் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினி வீட்டுக்கு வருகிறது. அதன் பேட்டரியில் ஒளிந்து வருவது ஓர் அலகில் இருபதில் ஒரு பங்குதான், அதை நிறுத்துப் பார்ப்பவன் பைத்தியக்காரன். எதிர்த்திசையில் போவதுதான் பெரிது. 2020இன் ஊரடங்குக் காலத்திலிருந்து எத்தனையோ பேர் நிறுவனத்தின் வேலையைத் தம் வீட்டு விளக்கில் செய்து வருகிறார்கள். முதற்படியில் நின்ற ஒரு குடும்பம் மகளின் கணினியால் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் ஏறிவிடுகிறது. படி ஏறினால் அலகின் விலையும் ஏறும். கலீபா சொந்த விடயத்துக்குப் பொது எண்ணெயைத் தொட மறுத்தார். சொந்த எண்ணெயில் பிறருடைய வேலை நடக்கும்போது விளக்கை அணைக்க வேண்டியவர் யார்? அந்த வீட்டு மின்பட்டியலில் தமது பங்கு எத்தனை அலகு என்று விசாரித்த முகாமையாளர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.