கறுப்பு ஒரு வியாதியா?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் பதினோரு நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரையை மலையிலிருந்து இறக்குவார்கள். அதில் சேர்ந்த மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டு, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கன்னங்கரேலென்ற அந்தத் தீப மையை நெற்றியில் இட்டுக்கொள்வது பெரும் பாக்கியம். எல்லா ஊர்களையும் போல அந்த ஊரிலும் இன்று ‘தோல், முடி, அழகு சிகிச்சை’ போர்டுகள் தொங்குகின்றன.

‘நான் யார்?’ என்று கேட்கச் சொன்ன ரமணர் ஊரில் லேசர் சிகிச்சையா, கலி முத்திப்போச்சு என்று அலுத்துக்கொள்வது சுலபம். ஆனால், இந்த உடம்பு நானில்லை என்ற அதே ரமணருக்குக் கையில் புற்றுக்கட்டி வந்தபோது, 1949-ல் நான்கு முறை ஆபரேஷன் நடந்தது. அவர் தடுக்கவில்லை. கையையே எடுத்துவிடலாம் என்றபோதுதான் வேண்டாமென்றார். உடம்பு நானில்லை என்றால் உடம்பைக் கவனிக்காதே என்று அர்த்தமில்லை. முகமெல்லாம் பருவும் தழும்புமாக, வெளியே வரவே கூசுகிற பையனை ஒரு டாக்டர் குணப்படுத்தினால் அது புண்ணியம்தான்.

சங்கடம் எங்கே? ஒரு கோளாறும் இல்லாத தோலோடு ஒரு பெண் வந்து, “டாக்டர், கொஞ்சம் கலர் ஆகணும்” என்கிறபோது. நிறமி தயாரிக்கும் செல்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். கறுப்புத் தோலில் அவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். வெயிலுக்கு அது கவசம். வியாதியே இல்லாதபோது சிகிச்சை எதற்கு? பெண் பார்க்க வந்தவர்கள் “கலர் கம்மி” என்று சொல்லிவிட்டுப் போனதற்கு! கோளாறு அவர்கள் கண்ணில், ஊசி இவள் கையில்.

தோலை வைத்து ஆளை எடைபோடுவது கிரீம் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. தப்பான வழியில் போன அருணகிரிநாதருக்குத் தொழுநோய் வந்ததாம்; வெறுத்துப்போய் வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினானாம். தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1873-லேயே ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். தோலில் பாவக்கணக்கு படிக்கிற நம் பழக்கம்தான் போகவில்லை. 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இதை வைத்துத்தான் பிழைத்தது. 2020-ல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ மட்டும் போயிற்று.

கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். முதலில் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசம். 2018-ல் அரசாங்கம் இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. சட்டம் இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது.

“உனக்கு ஒண்ணுமில்லம்மா, வெயில்ல குடை பிடிச்சுட்டுப் போ” என்று சொல்லி அனுப்புகிற டாக்டர்தான் நமக்கு வேண்டும். அவருக்கு அதில் நஷ்டம். கடன் வாங்கி மிஷின் போட்டவருக்குத் தவணை கட்டியாக வேண்டுமே! அதனால் பொறுப்பை அவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

“பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று கல்யாண வீட்டில் பாராட்டுகிறோமே, அந்த ‘இருந்தாலும்’ யார் வாயிலிருந்து வருகிறது? அதை விட்டுவிடச் செலவே இல்லை. அடுத்த கல்யாணத்தில் முயற்சி செய்து பாருங்கள்.