ஒருவன் வினையை மற்றொருவன் சுமப்பதோ?



தான் செய்த வினையின் பயனைத் தானே நுகர வேண்டும். தந்தை செய்ததை மைந்தனோ, மைந்தன் செய்ததைத் தந்தையோ பங்கிட்டுக்கொள்ள இயலாது என்பது நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிந்த உண்மை. ஒவ்வோர் உயிரும் தனித்தே வருகிறது, தனித்தே செல்கிறது, தன் கணக்கைத் தானே தீர்க்கிறது என்று நம் பெரியோர் ஓயாது கூறிவந்துள்ளனர்.

ஆயினும் உலகம் இவ்வுண்மையின்படி நடப்பதில்லை. ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் ஊராரை, இனத்தாரை, மொழியினரைத் தண்டிக்கும் வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்துவருகிறது. அமைதிக் காலத்தில் அது வசைமொழியாகவும் விலக்கி வைத்தலாகவும் நிற்கும். போர்க்காலத்தில், அதிலும் அயலார் படை ஓர் ஊரைக் கைப்பற்றி ஆளும்போது, அது கொலையாகவே முடியும். அத்தகைய கொலையை அறத்தின் வழிநின்று எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் நின்று நேர்கிழக்கே நோக்கினால் இடையில் வேறு நிலம் இல்லை. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கடந்தால் தெற்கு அந்தமான். நம்மூரும் அத்தீவின் தலைநகராகிய போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை. (அந்நகர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) நம்மூரும் போரை அறியாததன்று. 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிய களம் இது. அங்கே இருபுறமும் படைக்கலம் ஏந்தியோர் நின்றனர். அந்தமானில் நிகழ்ந்தது அவ்வகைப்பட்டதன்று.

இரண்டாம் உலகப்போரில் 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கிற்று. எதிர்ப்பு ஏதும் இல்லை. சில நாள்களுக்குள்ளேயே, வீடுகளில் புகுந்த படைவீரரை நோக்கிக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஓர் இளைஞர் ஊரார் காணக் கொல்லப்பட்டார். பின்னர் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடிக்கத் தொடங்கின. தங்கள் கப்பல்களின் வரவை எவரோ பகைவர்க்கு அறிவிக்கின்றனர் என்று ஆளும் படை ஐயுற்றது. 1943 ஜனவரியில் பிரிட்டிஷ் உளவுக் குழு ஒன்று நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மறைவாகத் தீவில் இறங்கிச் செய்தி திரட்டியது உண்மையே. ஆனால் தண்டனை அக்குழுவின்மேல் விழவில்லை. கைக்கெட்டும் தொலைவில் வாழ்ந்த எளிய மக்கள்மேல் விழுந்தது.

மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அங்கே இந்திய சுதந்திர சங்கத்தின் தலைவராக இருந்து, மக்களுக்கும் ஆட்சியினருக்கும் இடையே நின்று தம்மால் இயன்றதைச் செய்துவந்தார். அவரையே ஒற்றர் என்று கூறி 1943 அக்டோபரில் சிறைப்படுத்தினர். ஆங்கிலேயர் நம் விடுதலை வீரரை அடைத்துவைத்த அதே செல்லுலார் சிறையில் அவர் வதைக்கப்பட்டார். 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் தேசியக் கொடியை ஏற்றினார். அவ்வேளையில் திவான் சிங்கும் பிறரும் அச்சிறையினுள் துன்புற்றுக்கொண்டிருந்தனர். 1944 ஜனவரி 14ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

பதினாறு நாள் கழிந்தது. ஜனவரி 30ஆம் நாள், ஒற்றர் எனக் குற்றம் சாட்டப்பெற்ற 44 இந்தியரை ஹம்ப்ரிகஞ்ச் என்னும் சிற்றூருக்குக் கொண்டுசென்று சுட்டுக் கொன்று குழியில் இட்டனர். அவர்களுள் பலர் அந்த இந்திய சுதந்திர சங்கத்தைச் சேர்ந்தவர்களே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1948இல் அதே ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தார். அந்நாளைத் தியாகிகள் நாளாக நாடு முழுதும் போற்றுகிறோம். அந்நாளில் ஹம்ப்ரிகஞ்சின் 44 பேரையும் நினைப்போர் தமிழகத்தில் எத்தனை பேர்?

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், உணவுப் பஞ்சம் மிகுந்தபோது, பயிரிட நிலம் தருவதாகக் கூறி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றி, ஹேவ்லாக் தீவின் அருகே கடலில் இறக்கிவிட்டனர். பெரும்பாலோர் நீரில் மாண்டனர். கரையேறியவர்களும் உணவின்றி மடிந்தனர். அத்தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் சூட்டப்பெற்றது. இன்று அங்கே சுற்றுலா செல்வோர் வெண்மணற் கரையைக் கண்டு மகிழ்கின்றனர். மகிழ்வதில் தவறில்லை. அறிந்து மகிழ்வது மேல்.

நூற்றுக்கு ஒன்று என்னும் கணக்கு

இஃது ஒரு நாட்டாரின் தனிக் கொடுமை என்று எவரும் எண்ணுதல் வேண்டா. அதே போரின் மறுகோடியில், செர்பியாவை ஜெர்மானியப் படை பிடித்து ஆண்டது. 1941 இலையுதிர்காலத்தில் அங்கே ஓர் ஆணை வழங்கிற்று: கொல்லப்படும் ஒவ்வொரு ஜெர்மானிய வீரனுக்கும் 100 பேரும், காயமுறும் ஒவ்வொருவனுக்கும் 50 பேரும் சுடப்பட வேண்டும். கிராகுயேவத்ஸ் நகரின் அருகே நடந்த மோதலில் 10 வீரர் இறந்து 26 பேர் காயமுற்றனர். பத்தை நூறால் பெருக்கினர். இருபத்தாறை ஐம்பதால் பெருக்கினர். கூட்டி 2,300 என்று விடை கண்டனர். தாக்கியவர்கள் காட்டில் இருந்தனர். எண்ணிக்கையை நிறைத்தற்பொருட்டு வீடுகளிலிருந்தும் பணியிடங்களிலிருந்தும் மக்களைத் திரட்டினர். உயர்நிலைப்பள்ளியிலிருந்து மாணவரையும் ஆசிரியரையும் உடன் இழுத்துச் சென்றனர். அக்டோபர் 21ஆம் நாளுக்குள் சுடப்பட்டோர் ஏறத்தாழ 2,800 பேர். கணக்குக்கு மேலும் மிகுதி!

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் கற்பித்த நம் போன்றோர்க்கு இக்கணக்கைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. பெருக்கலில் பிழையில்லை. உயிரைப் பெருக்கத்தக்க பொருளாகக் கொண்டதே பிழை. ஒரு மனிதனை ‘இன்னவன்’ என்று நோக்காமல் ‘இத்தனையில் ஒன்று’ என்று நோக்கத் தொடங்கினால், அவன் என்ன செய்தான் என்ற கேள்வியே எழாது போகிறது.

தற்காப்பு என்னும் வாதம்

‘படை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாவா? அச்சம் இருந்தாலன்றோ ஊர் அடங்கும்?’ என்று கூறுவோர் உண்டு. இதற்கு நம் நூலோர் வகுத்த வேறுபாடு தெளிவான விடை தருகிறது. சமைத்தல், உழுதல், தொழில் செய்தல் ஆகியவற்றில் நேரும் ஹிம்சை வேறு. தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோத ஹிம்சை வேறு. கொல்வோம் என்று கருதியே செய்யும் சங்கல்ப ஹிம்சை வேறு. இல்லறத்தார் முன்னவற்றை முற்றும் நீக்குதல் அரிதாதலின் குறைத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பெற்றனர். சங்கல்ப ஹிம்சையோ அறவே விலக்கப்பெற்றது. விரோத ஹிம்சை என்று சொல்வதற்கு எதிரே தாக்குபவன் ஒருவன் வேண்டும். கை கட்டப்பட்டுக் குழியின் விளிம்பில் நிற்பவன் யாரைத் தாக்கினான்? அவனைக் கொல்வது தற்காப்பு ஆகாது. முன்கூட்டி எண்ணிச் செய்த சங்கல்பக் கொலையே ஆகும்.

உலகச் சட்டமும் தாமதமாக இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தது. 1947–48இல் நியூரம்பர்க்கில் நடந்த பிணையாளர் வழக்கில் படைத்தலைவர் சிலர் தண்டிக்கப்பெற்றனர். ஆயினும் அத்தீர்ப்பு, மிகக் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிணையாளரைக் கொல்ல அன்றைய சட்டம் இடம் தந்தது என்றே கூறிற்று. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் அவ்வாயிலை அடைத்தது. அதன் 33ஆம் விதி, தாம் செய்யாத குற்றத்திற்காக எவரையும் தண்டித்தலாகாது என்று விலக்குகிறது. 34ஆம் விதி பிணை பிடித்தலையே தடுக்கிறது. வினை அவரவர்க்கே உரியது என்ற பழைய உண்மை, இவ்வளவு உயிர்ப்பலிக்குப் பின் சட்டமாயிற்று.

குற்றம் யாரைச் சாரும்?

ஆணையிட்டவன் ‘நான் சுடவில்லை’ என்பான். சுட்டவன் ‘ஆணைக்கு அடங்கினேன்’ என்பான். காட்டிக் கொடுத்தவன் ‘ஒரு சொல்தானே சொன்னேன்’ என்பான். நின்று பார்த்தவன் வாய் திறவான். தத்துவார்த்த சூத்திரம் இத்தப்பு வழிகளை எல்லாம் அடைத்துவைத்திருக்கிறது. எண்ணுதல், அதற்கானவற்றைத் திரட்டுதல், தொடங்குதல் என்று மூன்று. மனம், மொழி, மெய் என்று மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்று நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. கிராகுயேவத்ஸில் செய்த பெருக்கல் குற்றமற்றவரைக் குற்றவாளி ஆக்கிற்று. இப்பெருக்கலோ குற்றமுடையவன் எவனும் நழுவாதபடி காக்கிறது.

இதன் உருவத்தைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். பொற்கொல்லன் பொய் சொன்னான். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். காவலர் சிலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்றனர், ஆயினும் தடுத்திலர். குடிவெறியன் ஒருவன் வாளை வீசினான். ஹம்ப்ரிகஞ்சிலும் காட்டிக் கொடுத்தவர், ஆணையிட்டவர், ஏவல் செய்தவர், வாளாவிருந்தவர் என இத்தனை பேரும் இருந்திருப்பர். போருக்குப் பின் சிங்கப்பூரில் நடந்த வழக்குகளில், அந்தமானில் பணியாற்றிய ஜப்பானிய அதிகாரிகள் சிலர் தண்டனை பெற்றனர். மனித நீதிமன்றம் எட்டுவது சிலரையே. வினை எவரையும் விடாது.

‘எல்லாம் முன்வினை’ என்று கூறலாமா?

இனி, நம்மவரிடையே அடிக்கடி எழும் ஒரு பேச்சு. ‘இறந்தவர்கள் முற்பிறவியில் ஏதோ செய்திருப்பார்கள், அதன் பயன் வந்து முடிந்தது’ என்று கூறி அமைதி அடைவோர் பலர். பக்தியுடையோரே இதனைக் கூறுவதால் இதற்கு விடை காண்பது கடமையாகிறது.

மீண்டும் அக்காப்பியத்தையே நோக்குவோம். மதுராபதி தெய்வம் கண்ணகிக்குப் பழம்பிறப்புச் செய்தியை உரைக்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகைகொண்டிருந்த காலம். கபிலபுரத்து வணிகன் சங்கமன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரம் வந்து அணிகலன் விற்றான். அரச ஊழியனாகிய பரதன் அவனை ஒற்றன் என்று பிடித்து அரசனிடம் காட்டிக் கொலை செய்வித்தான். நீலி பதினான்கு நாள் அலைந்து, உயிர் விடுகையில் சாபமிட்டாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான். பகைநாட்டான் என்பதனால் ஒற்றனாக்கப்பட்டவன் சங்கமன். அந்தமானின் கதை அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. கோவலன் மேல் பழவினை இருந்தது என்று ஆசிரியர் சொல்கிறார். அதனால் பாண்டியன் குற்றமற்றவன் என்று சொன்னாரா? இல்லை. தன் கோல் கோடியது என்று உணர்ந்து அவன் அரியணையிலேயே உயிர் நீத்தான். பொற்கொல்லன் செய்தது பொய்யே, கொலை கொலையே. கவுந்தியடிகள் இச்செய்தி கேட்டு ‘வினைப்பயன்’ என்று அமைந்துவிடவில்லை. நொந்து, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். ஆதலின் பழவினை ஒருவன் துன்பத்திற்கு விளக்கமாகலாம். துன்புறுத்தியவனுக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. அவன் செய்வது புதுவினை.

மேலும், இன்னாரின் துன்பம் இன்ன வினையால் வந்தது என்று காணும் அறிவு முற்றுணர்ந்தோர்க்கே உண்டு. வினைக் கொள்கை நம் முகத்தை நாம் பார்க்கும் கண்ணாடி. தனக்குத் துன்பம் வந்தால் ‘இது என் வினை’ என்று பொறுத்தல் தவம். பிறர்க்குத் துன்பம் வந்தால் ‘அது அவர் வினை’ என்று கடந்து போதல் கல்நெஞ்சம். கொன்றவனும் ‘நீ இறக்கத் தக்கவன்’ என்றான். நாமும் ‘நீ இறக்கத் தக்கவன்’ என்றால், அது மூன்றாவதாகிய உடன்படல் அன்றோ?

நாம் செய்யத்தக்கது

வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதையும் தண்டித்தலாகாது. செய்தவனைக் கண்டறிய இயலாவிடில் தண்டனையையே விட்டுவிட வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நமக்குக் கற்பிக்கப்பெற்ற விதி. சிறு விதிதான். ஆயினும் குழந்தை நீதியை முதன்முதலில் அறிவதும் அநீதியை முதன்முதலில் அறிவதும் அங்கேதான். ‘அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்’, ‘அந்தச் சாதியார் அனைவரும் இப்படித்தான்’ என்னும் பேச்சு நம் கூடத்தில் எழும்போது, குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.

இக்கொலைகளை நினைவுகூர்வது ஜப்பானியர்மீதோ ஜெர்மானியர்மீதோ பகை வளர்ப்பதற்கு அன்று. அவ்வாறு வளர்த்தால், ஒருவர் வினையை மற்றவர்மேல் ஏற்றும் அதே பிழையை நாமும் செய்தவராவோம். அன்றைய அதிகாரிகளின் பேரக்குழந்தைகள் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். அதுபோலவே, மாண்டவர் சார்பில் மன்னிப்பு வழங்கவும் நமக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் நாம் கேட்பதும் கொடுப்பதும் நம் பொருட்டு உள்ள மன்னிப்பே. மாண்டவர்க்கு நாம் தரக்கூடியது நினைவு ஒன்றே. அவர்களை எண்ணிக்கையாக நினையாது, ஒவ்வொருவரும் ஓர் இல்லத்தின் தந்தை, மகன், உடன்பிறந்தான் என்று நினைப்பதே அந்நினைவு.

வரும் ஜனவரி 30ஆம் நாள் காலை வழிபாட்டின்போது, ஹம்ப்ரிகஞ்சில் மாண்ட அந்த 44 உயிர்களையும் எண்ணிச் சிறிது நேரம் மௌனமாக இருக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். எந்த உயிரும் மற்றோர் உயிரின் குற்றத்திற்காக வருந்தாத உலகம் வருக!

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக!