மெஷ் உடையலாம், நீ உடையாதே!

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் நிற்கும் ஹவுரா பாலத்தை ஒருமுறை அண்ணாந்து பார், தம்பி! 26,500 டன் எஃகு. நடு வீச்சு மட்டும் 457 மீட்டர். நட்டு போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவெட். 1943 பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதைக் கணக்கிட்டவர்களிடம் இருந்தது தாளும் பென்சிலும் ஸ்லைடு ரூலும். உன் மேசையில் இருப்பதோ அவர்கள் கனவிலும் காணாத கருவி. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு "ஃபைனைட் எலிமென்ட் எல்லாம் எனக்கு வராது" என்கிறாயா? யார் சொன்னது உனக்கு?

அதே 1943இல் ரிச்சர்ட் கூரன்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் வேலையைப் பறிகொடுத்து, நியூயார்க்கில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கிய கணித மேதை அவர். முறுக்கப்படும் சதுரக் குழல் ஒன்றின் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பிரித்து விடை கண்டு காட்டினார். இன்று நீ போடும் மெஷ் அந்த விதையிலிருந்து முளைத்தது. நாட்டையும் பதவியையும் இழந்த மனிதர் துவளவில்லை. திரையில் 'மெஷ் ஆகவில்லை' என்று ஒரு வரி வந்ததும் நீ துவள்வதா?

கொல்கத்தாவும் இதில் வேடிக்கை பார்த்த ஊர் அல்ல. இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர் 1950களின் நடுவில் இங்குள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குத்தான் வந்தது. வாங்கியதோடு நிற்கவில்லை இவர்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, 1966இல் ஐஎஸ்ஐஜேயு-1 என்ற கம்ப்யூட்டரைத் தாங்களே கட்டி ஓடவிட்டார்கள். முடியும் என்று நம்பிக் கைவைத்தவர்கள் இவர்கள்!

மெஷ் ஏன் உடைகிறது? உனக்கு அறிவு போதாததால் அல்ல. உன் சாலிட் மாடலில் இரண்டு முகங்கள் சரியாக ஒட்டாமல் இருக்கும், முடி போல மெலிந்த ஒரு முகம் ஒளிந்திருக்கும், இரு கனங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். தேடு, கண்டுபிடி, சரிசெய்! சுமை தாங்காத இடத்திலுள்ள சின்னத் துளைகளையும் ஃபில்லெட்டுகளையும் துணிந்து நீக்கு. ஆனால் தகைவு குவியும் மூலையிலுள்ள ஃபில்லெட்டைத் தொடாதே. கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டேதான் போகும். அதைக் கண்டு மிரளாதே, கோட்பாடே அப்படித்தான் சொல்கிறது. முழு உருவத்துக்கும் பிரிக் எலிமென்ட் விழவில்லையா? உருவத்தை எளிய கட்டிகளாக வெட்டிப் பார். வெட்டவே முடியாத வடிவமா? டெட்ரா போடு, ஆனால் பத்து நோடு உள்ளதைப் போடு. நான்கு நோடு டெட்ரா வளைவில் விறைத்துக்கொண்டு, பொருள் உள்ளதைவிட வலுவானது என்று பொய் சொல்லும்.

விடையாகத் திரையில் வரும் வண்ணப் படத்தை அப்படியே நம்புவது தன்னம்பிக்கை ஆகாது! 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர்-ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. மெஷ் சரியில்லாததால் சுவர்களின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அந்தத் திரையிலும் படம் அழகாகத்தான் தெரிந்திருக்கும். மெஷ்ஷை ஒருமுறைக்கு இருமுறை நுணுக்கிப் பார்த்து, விடை அசையாமல் நிற்கிறது என்று கண்டபின், கைக்கணக்கோடும் ஒத்துப் பார்த்தபின், எந்த அதிகாரி முன்னாலும் தலைநிமிர்ந்து பேசு. அந்தத் துணிவை உன்னிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது.

மென்பொருள் வாங்கக் காசில்லை என்று சாக்குச் சொல்லாதே. ஃப்ரீகேட், ஜிமெஷ், கால்குலிக்ஸ் மூன்றும் இலவசம். தமிழ் வழியில் படித்தேன் என்றும் தயங்காதே. எஃகுக்கு நீ எந்த மொழியில் படித்தாய் என்பது தெரியாது.

இன்று இரவே தொடங்கு. நடுவில் வட்டத் துளை உள்ள ஒரு தகட்டை வரை, தகட்டின் அகலம் துளையைப்போல் பத்து மடங்கு இருக்கட்டும். கால் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள், சமச்சீர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 100 மெகாபாஸ்கலில் இழு. துளையின் விளிம்பில் 300ஐ ஒட்டி வரவேண்டும், 1898இல் கிர்ஷ் கணக்கிட்டுச் சொன்ன விடை அது. 200 வந்தாலும் சோர்ந்துவிடாதே, விளிம்பில் மெஷ்ஷை நுணுக்கி மறுபடி ஓட்டு. அந்த எண் வரும்வரை கம்ப்யூட்டரை அணைக்காதே!