தராசுக்குத் தெரியாதது

காலில் மாவுக்கட்டோடு கிடப்பவருக்கு இரண்டு பயம்: எடை ஏறிவிடுமோ, கால் சூம்பிவிடுமோ. முதல் பயத்தில் சாப்பாட்டைப் பாதியாக்குவார். அதனாலேயே இரண்டாவது பலித்துவிடும். பட்டினி போட்ட உடம்பு கொழுப்பை மட்டும் செலவழிப்பதில்லை, சும்மா கிடக்கும் தசையையும் சேர்த்தே கரைக்கிறது. குறைந்த இரண்டு கிலோவில் எது கொழுப்பு, எது தசை என்று எடை மெஷின் சொல்லாது. கட்டைப் பிரித்த அன்று தொடையைத் தொட்டால் தெரியும்.

குறைக்க வேண்டியது மறுசோறும் டீயோடு வரும் பஜ்ஜியும்தான். பருப்பும் முட்டையும் சுண்டலும் அல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. (பிஸ்கட் பாக்கெட்டோடு நலம் விசாரிக்க வருகிறவர்கள் கவனிக்க.)

அடிபட்டது ஒரு கால்தானே? நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால், கட்டுக்குள் இருக்கும் காலின் பலமும் ஓரளவு தங்கும். இரண்டையும் ஆட்டுவிப்பது ஒரே மூளைதான். எதை, எவ்வளவு செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கேளுங்கள். கட்டுப் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள்.