பாட்டு முடிந்த பிறகு

பழைய இசைப்படங்களில் இனம் கடந்த காதல் பெரும்பாலும் பாட்டுக்குள் மட்டுமே உயிரோடு இருந்தது. 1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில் தாய்லாந்து நடிகை மேத்தா ரூங்ராத் எம்.ஜி.ஆரோடு ஒரு முழு டூயட்டில் ஆடுகிறார். ஆனால் கதை முடியும்போது துணையாக நிற்பவர் அவர் அல்ல. 1956இல் வந்த ‘தி கிங் அண்ட் ஐ’ இன்னும் நுட்பமானது. ஆங்கில ஆசிரியை அன்னாவும் சீயத்து அரசரும் முதலில் கைகோத்து ஆடுகிறார்கள். ஐரோப்பியர் ஆடியது இப்படி இல்லையே என்று அரசர் நிற்கிறார், மெல்ல நெருங்கி அவள் இடையில் கை வைக்கிறார். அந்த ஒரு கணத்தில் எல்லாம் சொல்லியாகிவிடுகிறது. ஆட்டம் ஓய்ந்து மூச்சு வாங்குவதற்குள், அரண்மனையிலிருந்து தப்பியோடிய பெண்ணைப் பிடித்து வருகிறார்கள். அரசர் சவுக்கைத் தூக்கி, அடிக்க முடியாமல் உடைகிறார். கடைசியில் இறந்தும் போகிறார். இப்படிக் குறிப்பால் காட்டிவிட்டு விலகிக்கொள்வது கலைஞரின் நாகரிகமா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா?

தணிக்கைக்குப் பயந்த காலத்தில் குறிப்பு ஒன்றே வழி என்பார்கள். 1930இல் எழுதிய ஹாலிவுட் விதி, வெள்ளையர் கறுப்பர் காதலைத் திரையில் காட்டத் தடை போட்டது உண்மை. குறிப்பால் உணர்த்துவது நம் அகப்பாடல் மரபும்தானே என்றும் கேட்கலாம். ஆனால் அகப்பாடலின் உள்ளுறை, கேட்பவர் உண்மையைக் கண்டுகொள்வதற்காக வைத்தது. இந்தப் படங்களின் குறிப்போ விரும்பியவர் காதல் என்று கொள்ளவும், விரும்பாதவர் நட்பு என்று மறுக்கவும் வசதி செய்கிறது. அந்த வசதிக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதே அறக்கேள்வி. 1956இல் விதி தளர்ந்து ஈராண்டு கழித்து ‘சௌத் பசிபிக்’ படமாக வந்தது. இனவெறுப்பு பிறவிக் குணமல்ல, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஒரு பாட்டிலேயே சொன்ன துணிச்சலான கதை அது. அதிலும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் பொலினீசிய மனைவி கதை தொடங்குமுன்பே இறந்துவிட்டாள். உயிரோடு இருக்கும் டொங்கினியப் (வடவியட்நாமியப்) பெண் லியாத்தின் அமெரிக்கக் காதலன் போரில் மடிகிறான். தோட்ட முதலாளியின் கலப்புப் பிள்ளைகளை அவரைக் காதலிக்கும் வெள்ளைக்காரி ஏற்றுக்கொள்ளும் முடிவு மனதைத் தொடுகிறது; ஆனால் அந்த ஏற்புக்கு இடம்விட்டது ஒரு தாயின் சாவு.

உலகம் அப்படித்தான் இருந்தது, சாவைக் காட்டுவதும் உண்மையைக் காட்டுவதுதான் என்பது இன்னும் கனமான மறுப்பு. அதற்கான பதில் இலங்கையிலேயே இருக்கிறது. சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘சருங்கலே’ என்ற சிங்களப் படம் 1979இல் வந்தது. 1977இன் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தின் புண் ஆறாத நேரம். சிங்களத் திரையின் பெரும் நட்சத்திரமான காமினி பொன்சேகா அதில் கொழும்பில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத் தமிழர் நடராஜாவாக நடித்தார். 1958 கலவரத்தில் நடராஜா கொல்லப்படுகிறார். அந்தச் சாவு எவருடைய சிக்கலையும் தீர்த்துவைப்பதில்லை. கொன்றவர்களை நோக்கிக் கை நீட்டுகிறது. கதையை ஒழுங்குபடுத்த ஒருவரைச் சாகடிப்பதும், சாகடித்தவர் யார் என்று கேட்க வைப்பதும் ஒன்றல்ல. படத்தின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை.

மக்கள் மனம் இனம் கடந்த காதலுக்குப் பக்குவப்படவில்லை என்ற சாட்டும் அவ்வளவு எடுபடாது. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’வை 1947இல் வெளியிட்டவர் தமிழரான எஸ்.எம். நாயகம். அதன் நாயகி ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரில் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்து, சிங்களவரான எடி ஜயமான்னவை மணந்தவர். திரைக்குப் பின்னால் நடந்த கலப்பைத் திரைதான் ஒளித்துவைத்தது. நெடுந்தீவுக்கு மீன்பிடிக்க வந்த வெளியூராருக்கும் தீவுப் பெண்களுக்கும் இடையே முளைத்த காதலைச் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ நாவலாக்கினார்; 1978இல் அது படமுமானது. வெளியாள் ஒருவனை நேசிப்பதன் கஷ்டம் நம் தீவுகளுக்குப் புதிதல்ல. குறிகட்டுவான் துறையிலிருந்து நாகபூசணி அம்மனுக்குப் போகும் தமிழரும் நாகவிகாரைக்குப் போகும் சிங்களவரும் ஒரே படகில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நயினாதீவுக்குப் போகிறார்கள். அப்படிப் போகிற இருவர் கல்யாணம் கட்டினால் பிள்ளை எந்த மொழியில் படிக்கும், யாருடைய தாய் வீட்டில் சித்திரைப் புத்தாண்டு, கலவரம் வந்தால் யார் யாரை ஒளித்துவைப்பது? பாட்டெழுதி ஆட வைத்த படங்கள் இந்தக் கேள்விகளோடு ஒரு குடும்பம் நடத்தும் வீட்டுக்குள் போக மறுத்தன. அது கைகூடாமல் போனதல்ல, செய்யவேண்டாம் என்று எடுத்த முடிவு.